பூ-பழ பெர்ஃப்யூம் சொதப்புகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

திறந்ததும் பீச், பேரிக்காய், பிளாக்கரன்ட், ராஸ்பெர்ரி என்று ஏதோ ஒரு பழம். அதன் பின்னால் ரோஜா, மல்லிகை, பியோனி என்று பூக்கள். கடைசியில் மஸ்க் (கஸ்தூரி வாசம்), மரவாசம், கொஞ்சம் வெனிலா. இன்றைய பூ-பழ பெர்ஃப்யூம்களில் பெரும்பாலானவை இந்த வரிசையில்தான் வாசம் வீசும். இவற்றைப் பற்றி வரும் புகார்களும் ஏறக்குறைய அதேதான்: நிற்கவில்லை, தித்திப்பு தாங்கவில்லை, கடையில் இருந்த வாசம் வீட்டில் இல்லை, திடீரென்று வேறு ஏதோ வாடை அடிக்கிறது.

புகார் எதுவானாலும் முதலில் பார்க்க வேண்டியது கடிகாரத்தை. அடித்து எத்தனை நிமிடத்தில் அந்தக் குறை தெரிகிறது? முதல் நிமிடத்தில் வரும் குறைக்கும் மூன்றாவது மணி நேரத்தில் வரும் குறைக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. இதைக் கவனிக்காமல் பாட்டிலைத் திட்டுவதாலோ, இன்னும் நாலு தடவை அடிப்பதாலோ எதுவும் சரியாகாது.

அதனால் இதைச் செய்துவிட்டுக் கீழே போங்கள். வாசமில்லாத சோப்பால் முன்கையைக் கழுவித் துடையுங்கள். உள்பக்கத்தில் ஒரே ஒரு முறை அடியுங்கள். ஒரு வெள்ளைத் தாள் துண்டிலும் ஒரு முறை அடித்துத் தனியாக வையுங்கள். 1 நிமிடம், 10 நிமிடம், 1 மணி நேரம், 4 மணி நேரம் என்று நான்கு முறை இரண்டையும் முகர்ந்து, தோன்றியதை ஒரு சொல்லில் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் முகர வேண்டாம். முகர்ந்துகொண்டே இருந்தால் மூக்கு களைத்துப்போய்ப் பொய் சொல்லும்.

அடித்ததும் ஸ்பிரிட் வாடை, மூக்கில் குத்துகிறது

ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிட்டால் இது குறையே இல்லை. பாட்டிலில் இருப்பதில் பெரும்பங்கு ஆல்கஹால்தான். அது பறந்துபோக அரை நிமிடமாவது கொடுக்க வேண்டும். அடித்த கையை உடனே மூக்கோடு ஒட்டி வைத்து முகர்ந்தால் வேறெதுவும் தெரியாது. ஒரு சாண் தள்ளி நின்று அடியுங்கள், காயட்டும், அப்புறம் முகருங்கள்.

இரண்டு நிமிடம் தாண்டியும் குத்துகிறது, அதுவும் நகப்பூச்சை அழிக்கும் திரவம் போல இருக்கிறது என்றால் இரண்டு காரணங்கள் உண்டு. பெர்ஃப்யூம் புதியது, பேரிக்காயோ ஆப்பிளோ தூக்கலாக உள்ளது என்றால் அது அந்தப் பழத்தின் குணம். பேரிக்காய் வாசத்தைத் தருபவை ஹெக்சைல் அசிடேட் போன்ற எஸ்டர்கள் என்ற வேதிப்பொருள்கள். நகப்பூச்சுக் கரைப்பான்களில் இருக்கும் எதைல் அசிடேட்டும் பியூட்டைல் அசிடேட்டும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. சிலருடைய மூக்கு பழத்தைப் பிடிக்கும், சிலருடையது கரைப்பானைப் பிடிக்கும். பத்து நிமிடத்தில் எப்படியும் போய்விடும். முன்பு இல்லாமல் இப்போது புதிதாக வந்திருந்தால் பாட்டில் பழையதாகி வருகிறது. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

பத்து நிமிடத்தில் பழ வாசத்தைக் காணோம்

அதிகம் வரும் புகார் இதுதான். அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

பேரிக்காயும் பியோனியும் சேர்ந்த ஒரு பெர்ஃப்யூமைக் கையில் அடித்துவிட்டுக் கவனியுங்கள். ஸ்பிரிட் போனதும் நறுக்கிய பேரிக்காயின் ஈரம் தெரியும். தோலின் பச்சை வாடைகூட லேசாக வரும். மூன்று, நான்கு நிமிடத்தில் அந்த ஈரம் வற்றும். இனிப்பு மட்டும் மிஞ்சும். அந்த இனிப்புக்கு அடியிலிருந்து ரோஜா மாதிரியும் சோப்பு மாதிரியும் ஒரு பூ மேலே வரும். பத்தாவது நிமிடத்தில் "பேரிக்காய் எங்கே?" என்று தேடினால், பூவின் ஓரத்தில் ஒரு சாறு போன்ற பளபளப்பாகத்தான் அது இருக்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

காரணம் எளிது. ஆப்பிள் வாசம் தரும் எதைல் 2-மெதைல்பியூட்டிரேட்டின் மூலக்கூறு எடை 130. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் இருக்கும் லிமொனீனுக்கு 136. மல்லிகையின் காற்றோட்டமான பக்கத்தைத் தரும் ஹெடியோனுக்கு 226. அடியில் உட்கார்ந்திருக்கும் கேலக்ஸோலைட் என்ற மஸ்குக்கு 258. லேசானது முதலில் பறக்கும், கனமானது தங்கும். எந்த விலையில் எந்த நிறுவனம் செய்தாலும் இந்த வரிசையை மாற்ற முடியாது.

ஆனால் எடை மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடாது. இங்கேதான் வாங்குகிறவருக்குப் பிடி கிடைக்கிறது. பீச் வாசம் தரும் காமா-அன்டெகாலாக்டோன் (எடை 184) எஸ்டர்களைப் போல ஓடிவிடாது, மணிக்கணக்கில் நிற்கும். பிளம் பழத்தையும் ரோஜாவையும் ஒரே மூச்சில் நினைவுபடுத்தும் டமாஸ்கோன்களும் அப்படியே. ராஸ்பெர்ரி கீட்டோனின் எடை 164தான், ஆனாலும் எளிதில் ஆவியாகாது. பஞ்சு மிட்டாய் வாசம் தரும் எதைல் மால்ட்டால் 140தான், அது காகிதத் துண்டில் நாள்கணக்கில் இருக்கும்.

ஆக, பழம் கடைசிவரை வேண்டும் என்பவர்கள் பேரிக்காய், ஆப்பிள், ஆரஞ்சு வகைகளை விட்டுவிட்டு பீச், ஆப்ரிகாட், பிளம், ராஸ்பெர்ரி என்று போட்டிருப்பதைத் தேட வேண்டும். இது புதிதாக யாரும் கண்டுபிடித்ததல்ல. கெர்லான் நிறுவனம் 1919-இல் வெளியிட்ட மிட்சூகோ பெர்ஃப்யூமில் அந்த பீச் லாக்டோன் இருக்கிறது. ரோஜாவோடு பீச்சையும் ஆப்ரிகாட்டையும் குழைத்து லான்கோம் நிறுவனத்துக்காக சோபியா கிரோய்ஸ்மன் செய்த த்ரெசோர் 1990-இல் வந்தது. இன்றைய பூ-பழ வரிசைக்கு முன்னோடிகளில் அதுவும் ஒன்று. அதை அடித்துக்கொண்டவர் மாலையில் முகர்ந்தாலும் பீச் இருக்கும்.

இன்னொரு விஷயம். பீச்சிலிருந்தோ பேரிக்காயிலிருந்தோ பெர்ஃப்யூமுக்கு ஆகிற மாதிரி எண்ணெயை வழக்கமான முறைகளில் எடுக்க முடியாது. எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளின் தோலிலிருந்து எண்ணெய் வரும், பிளாக்கரன்ட் செடியின் மொட்டிலிருந்து ஒரு சாறு எடுப்பார்கள், அதோடு சரி. பியோனி, ஃப்ரீசியா, லில்லி ஆஃப் த வேலி பூக்களின் கதையும் அதுவே. அதனால் "இயற்கையான பேரிக்காய்ச் சாறு சேர்த்தது, அதனால் நீண்ட நேரம் நிற்கும்" என்று யாராவது சொன்னால் நம்பிப் பையைத் திறக்காதீர்கள்.

இருக்கும் பாட்டிலையே வைத்துச் சமாளிக்க வேண்டுமா? பழத்தைத் திரும்பக் கொண்டுவர ஒரே வழி, மூன்று நான்கு மணி நேரம் கழித்து ஒரு முறை மறுபடி அடிப்பதுதான். சின்ன ஸ்ப்ரே குப்பியில் ஊற்றிக் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம். துணியில் அடித்தால் பழம் கொஞ்சம் கூடுதல் நேரம் தெரியும். உடல் சூடு இல்லாததால் மெதுவாகப் பறக்கும். காலையிலேயே எட்டு தடவை அடித்தால் பழம் நீளாது. எட்டு மடங்கு மஸ்கும் வெனிலாவும்தான் மதியம் உங்களோடு உட்கார்ந்திருக்கும்.

எனக்கே வாசம் தெரியவில்லை, மற்றவர்கள் "பலமா இருக்கே" என்கிறார்கள்

பெர்ஃப்யூம் போகவில்லை, மூக்குதான் பழகிவிட்டது. மாறாமல் வந்துகொண்டே இருக்கும் வாசத்தைச் சில நிமிடங்களிலேயே மூக்கு கவனிப்பதை விட்டுவிடும். தினமும் ஒரே பெர்ஃப்யூமை அடிப்பவருக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

சோதிப்பது சுலபம். அறையை விட்டு வெளியே போய்ப் பத்து நிமிடம் நடந்துவிட்டு வந்து, சட்டைக் கையின் உள்பக்கத்தை முகருங்கள். அல்லது வெளியிலிருந்து வந்த ஒருவரிடம் கேளுங்கள். வாசம் இருக்கிறது என்றால் மறுபடி அடிக்கவே கூடாது. ஒரு வாரம் வேறு ஏதாவது போட்டுவிட்டுத் திரும்பினால் பழைய பெர்ஃப்யூம் மறுபடி தெரிய ஆரம்பிக்கும். கடைகளில் மூக்கைத் தெளியவைக்கக் காபிக் கொட்டையை நீட்டுவார்கள். சோதித்துப் பார்த்ததில் அது சாதாரணக் காற்றைவிட மேலாக எதையும் செய்யவில்லை. காபியும் ஒரு பலத்த வாசம்தானே. உங்கள் முழங்கையையே முகருங்கள், போதும்.

இதில் ஒரு கிளைச் சிக்கல் உண்டு. சில மூலக்கூறுகள் சிலருக்குப் பிறவியிலேயே தெரியாது. மஸ்க்களில் இது சகஜம்: ஒருவருக்கு கேலக்ஸோலைட் தெரியாது, இன்னொருவருக்கு வேறொரு மஸ்க் தெரியாது. வயலெட் பூ வாசம் தரும் பீட்டா-அயனோனை உணரும் திறன் OR5A1 என்ற ஒரே ஒரு மரபணுவின் வேறுபாட்டைப் பொறுத்தது. அந்த அயனோன்கள்தான் ராஸ்பெர்ரி வாசத்துக்கும் முதுகெலும்பு. அதனால் ராஸ்பெர்ரி-வயலெட் வகையை இருவர் முகர்ந்தால், ஒருவர் "பூவும் பழமும்" என்பார், மற்றவர் "புளிப்பா ஏதோ இருக்கு" என்பார். இருவரும் சரி. உங்களுக்கு ஒரு பெர்ஃப்யூமின் அடிப்பகுதி எப்போதுமே வெறுமையாக இருந்து, சுற்றி இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிகிறது என்றால், அதன் அளவை அவர்கள் மூக்கை வைத்து முடிவு செய்யுங்கள். அல்லது வேறு மஸ்க் போட்ட ஒன்றுக்கு மாறுங்கள்.

யாருக்குமே தெரியவில்லை, இரண்டு மணி நேரத்தில் சுத்தமாகப் போய்விட்டது

தாள் துண்டைப் பாருங்கள். தாளில் இருக்கிறது, தோலில் இல்லை என்றால் தோல் வறண்டிருக்கிறது. குளித்துத் துடைத்ததும் வாசமில்லாத மாய்ஸ்சரைசர் தடவி, அது உள்ளே இறங்கியதும் அதன் மேல் அடியுங்கள். அடிக்கும் இடத்தில் மட்டும் துளி பெட்ரோலியம் ஜெல்லி தேய்த்தாலும் வேலை செய்யும். வாசமுள்ள லோஷன் வேண்டாம். தேங்காயும் வெனிலாவும் சேர்ந்த லோஷன் மேல் எந்தப் பூவும் நிமிராது.

தாளிலும் போய்விட்டது என்றால் பெர்ஃப்யூமே லேசானது. ஓ த டாய்லெட்டில் வாசனைச் சரக்கு 5 முதல் 15 சதவீதம், ஓ த பர்ஃபமில் 15 முதல் 20 சதவீதம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் இந்தப் பெயர்களுக்குப் பின்னால் கட்டாயச் சட்டம் எதுவும் இல்லை. ஒரே பெயரில் வரும் இரண்டுக்கும் சரக்கின் அளவு மட்டுமல்லாமல் கலவையே வேறாக இருப்பதும் உண்டு. ஓ த பர்ஃபமில் பழத்தைக் குறைத்து வெனிலாவைக் கூட்டியிருப்பார்கள். நீளும் என்று நம்பி வாங்கினால் வேறு வாசம் வந்து நிற்கும்.

மணிக்கட்டுகளைத் தேய்ப்பதால் "மூலக்கூறு உடைகிறது" என்று சொல்வது கட்டுக்கதை. கை தேய்த்து எந்த மூலக்கூறும் உடையாது. தேய்த்தால் சூடேறிப் பழம் இன்னும் சீக்கிரம் பறக்கும். பாதி மற்ற கைக்குப் போகும். தேய்க்காமல் விடுவது நல்லது, அவ்வளவுதான். மணிக்கட்டைவிட நல்ல இடங்கள் இருக்கின்றன. கை கழுவும்போதெல்லாம் மணிக்கட்டும் நனைகிறது. முழங்கை மடிப்பு, கழுத்தின் பின்புறம், மார்பு நனைவதில்லை.

தித்திப்பு திகட்டுகிறது, தலை வலிக்கிறது

இது அடித்து எவ்வளவு நேரம் கழித்து வருகிறது என்று உங்கள் குறிப்பைப் பாருங்கள். முதல் கால் மணியில் என்றால் அளவு அதிகம். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு என்றால் அடியில் இருக்கும் எதைல் மால்ட்டாலும் வெனிலாவும் காரணம். 1992-இல் வந்த ஏஞ்சல் என்ற பெர்ஃப்யூம் எதைல் மால்ட்டாலைப் பச்சோலியோடு தாராளமாகச் சேர்த்துக் காட்டிய பிறகு, பூ-பழ வகைக்குள்ளும் மிட்டாய் வாசம் நுழைந்துவிட்டது. பாட்டிலில் பூப் படம் இருந்தாலும் உள்ளே பாதி மிட்டாயாக இருக்கலாம். பிரலீன், கேரமல், மார்ஷ்மெல்லோ, வெனிலா என்று அட்டையில் போட்டிருந்தால் மதியத்துக்கு மேல் அதுதான் மிச்சம். நிற்கும் என்று பேர் வாங்கிய பூ-பழ பெர்ஃப்யூம்களில் பல இந்த மிட்டாயின் தயவில்தான் நிற்கின்றன என்பது என் கணக்கு.

அளவு அதிகமானால் குறைப்பது எளிது: ஒன்று, மிஞ்சினால் இரண்டு. கழுத்துக்கு முன்னால் அடிக்காதீர்கள். மூக்குக்கு நேர் கீழே நாள் முழுக்க ஆவி கிளம்பிக்கொண்டிருக்கும். உடைக்குள் வயிற்றுப் பக்கம், முழங்காலின் பின்புறம் என்று இறக்கினால் அதே பெர்ஃப்யூம் சாதுவாகிவிடும். காற்றில் அடித்துவிட்டு அந்த மேகத்துக்குள் நடந்து போவது பார்க்க அழகு. பாதி தரைக்குப் போகும், மீதி தலைமுடியில் உட்காரும். வெயிலிலும் புழுக்கத்திலும் எல்லாமே வேகமாக ஆவியாகும். குளிர்நாளில் மூன்று தடவை அடித்தவர் கோடையில் ஒன்றோடு நிறுத்த வேண்டும். மின்தூக்கி, கார், மூடிய கூட்ட அறை இவற்றுக்குப் போகும் முன்பு அடிக்கவே வேண்டாம். கூட இருப்பவர் ஜன்னலைத் திறக்க முடியாது.

ஏற்கெனவே அதிகமாக அடித்துவிட்டீர்களா? வெறும் தண்ணீரில் போகாது. வாசமில்லாத எண்ணெய் கொஞ்சம் தடவி, பஞ்சால் துடைத்து, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கை சுத்தம் செய்யும் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தாலும் பெரும்பகுதி போகும். சட்டையில் அடித்திருந்தால் சட்டையை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

ஒவ்வொரு முறையும் தலைவலி வருகிறது என்றால், பழகிவிடும் என்று சகித்துக்கொண்டு போடாதீர்கள். அந்த பெர்ஃப்யூம் உங்களுக்கு இல்லை.

பிளாக்கரன்ட் என்று போட்டிருக்கிறது, பூனை மூத்திர வாடை அடிக்கிறது

உங்கள் மூக்கு சரியாகத்தான் வேலை செய்கிறது. பிளாக்கரன்ட் மொட்டின் வாசத்துக்கு உயிர் கொடுப்பவை கந்தகம் கலந்த தயோல் மூலக்கூறுகள். பூனை மூத்திரத்தின் அந்தக் கார நெடிக்குக் காரணமானவையும் அதே வகைத் தயோல்கள்தான். அளவு மிகமிகக் குறைவாக இருக்கும்போது மூக்கு அதைப் பச்சையான, சாறு நிறைந்த பழம் என்று படிக்கிறது. கொஞ்சம் கூடினால் பூனை வந்துவிடும். கிரேப்ஃப்ரூட், பாஷன்ஃப்ரூட் வாசங்களிலும் இந்தக் கந்தகம் உண்டு.

ஒரே இடத்தில் கிட்ட வைத்து மூன்று முறை அடித்தால் அங்கே தயோல் குவிந்துவிடும். கையை நீட்டித் தள்ளி நின்று ஒரு முறை அடியுங்கள். தூரம் கூடக்கூட வாடை பழமாக மாறும். முகரும்போதும் கையை மூக்கில் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வைத்து முகருங்கள். கால் மணி நேரம் பொறுத்தால் பெரும்பாலும் அடங்கும். அதற்குப் பிறகும் பூனைதான் தெரிகிறது என்றால் இந்தப் பழத்தோடு உங்களுக்கு ஒத்துவராது. பட்டியலில் பிளாக்கரன்ட் அல்லது காசிஸ் என்று கண்டால் தாண்டிவிடுங்கள். இரண்டும் ஒன்றே.

பூவிலும் இப்படி ஒரு வாடை ஒளிந்திருக்கிறது. மல்லிகையில் இயல்பாகவே இருக்கும் இண்டோல், தனியாக முகர்ந்தால் பாச்சை உருண்டையையும் கழிவறையையும் நினைவுபடுத்தும். நவீன பூ-பழ வகைகளில் இதைப் பெரும்பாலும் துடைத்து எடுத்துவிட்டு, சுத்தமான, வெளிச்சமான மல்லிகையைத்தான் வைக்கிறார்கள். அந்த வெளிச்சத்துக்கு ஹெடியோன்தான் காரணம். 1966-இல் எட்மோன் ரூட்னிட்ஸ்கா தான் செய்த ஓ சோவாஜ் என்ற பெர்ஃப்யூமில் அதைப் போட்டதிலிருந்து, அது இல்லாத பூ பெர்ஃப்யூமைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய நிலை.

கடையில் ஒரு வாசம், வீட்டில் ஒரு வாசம்

கடையில் நீங்கள் முகர்ந்தது தாளில், முதல் இரண்டு நிமிடத்தில். அதாவது பழத்தை மட்டும். வீட்டில் நீங்கள் வாழ்வது மீதி ஆறு மணி நேரத்தோடு. பழம்தான் கடையில் விற்கிறது என்பது செய்கிறவர்களுக்கும் நன்றாகவே தெரியும். ஒரு கைக்கு ஒன்று வீதம் இரண்டு மட்டும் அடித்துக்கொண்டு வெளியேறி, நான்கு மணி நேரம் கழித்துப் பிடித்திருந்தால் வாங்குங்கள். தோலின் அமிலத்தன்மை வாசத்தையே மாற்றிவிடும் என்று பேசுவார்கள். சூடும் எண்ணெய்ப் பசையும் வியர்வையும் ஏற்கெனவே பூசியிருக்கும் சோப்பும்தான் அதைவிடப் பெரிய காரணங்கள்.

நீங்கள் பல வருடம் போட்ட அதே பெயர், புதுப் பாட்டில், ஆனால் பூ மெலிந்திருக்கிறது என்றால் அது பிரமை அல்ல. லில்லி ஆஃப் த வேலி வாசத்துக்குப் பரவலாகப் பயன்பட்ட லிலியால் 2022 மார்ச் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அழகுசாதனப் பொருள்களில் தடை செய்யப்பட்டது. லைரால் என்ற இன்னொரு வாசனைப் பொருள் அதற்கு முன்பே, 2021-இல், அங்கே அலமாரியை விட்டு இறங்கிவிட்டது. உலகெங்கும் விற்கும் நிறுவனங்கள் பலவும் இதற்காகக் கலவையை மாற்றின. இதற்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. பழைய சரக்கைத் தேடி இரண்டு மடங்கு விலை கொடுப்பதைவிட, புதிதாக ஒன்றைத் தேடலாம் என்பேன். பழைய சரக்குக்கு வேறு சிக்கல் இருக்கிறது.

பாட்டில் பழசாகிவிட்டதா?

நிறம் கருத்துவிட்டது, வாசம் அப்படியே இருக்கிறது என்றால் பயப்பட வேண்டாம். வெனிலின், இண்டோல், மெதைல் ஆந்த்ரனிலேட் இருக்கும் கலவைகள் நாளாக நாளாக மஞ்சளாகி, பழுப்பாகும். இளஞ்சிவப்புச் சாயம் வெளிறுவதும் வெளிச்சத்தால்தான். வெள்ளைத் துணியில் மட்டும் அடிக்காதீர்கள்.

வாசத்தைக் கடிகாரத்தோடு வைத்துப் பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் புளிப்பு, டர்பன்டைன், பழைய எண்ணெய் என்று இருந்து, பிறகு பழைய வாசமே வருகிறது என்றால் முதலில் எழும் வாசமான டாப் நோட் மட்டும் கெட்டிருக்கிறது. காற்றும் வெளிச்சமும் சூடும் முதலில் கைவைப்பது ஆரஞ்சு, எலுமிச்சை வகைகளில்தான். துணியில் அடித்துக் காயவைத்துவிட்டு உடுத்தலாம். ஒரு மணி நேரம் கழித்தும் அந்தப் புளிப்பு போகவில்லை என்றால் தூக்கிப் போடுங்கள்.

வைக்கும் இடம் முக்கியம். குளியலறை அலமாரியும் ஜன்னல் திட்டும் மிக மோசம். அட்டைப் பெட்டியோடு இருட்டான அலமாரியில் வைத்தால் பல வருடம் தாங்கும். கால்வாசிக்குக் கீழே போன பாட்டிலைச் சேமித்து வைக்காமல் போட்டுத் தீர்த்துவிடுங்கள். காலி இடம் முழுக்கக் காற்றுதான்.

ஸ்ப்ரே வரவில்லை, ஒழுகுகிறது

புதிய பாட்டில் என்றால் ஐந்தாறு முறை அழுத்தினால் குழாயில் ஏறிவிடும். அடைத்திருந்தால் மேல் பொத்தானை மட்டும் நேராக இழுத்தெடுத்து வெந்நீரில் ஊறவைத்துக் காயவைத்துப் பொருத்துங்கள். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகி, தூவாமல் பீச்சியடிக்கும். பம்பை பாட்டிலோடு நெரித்துப் பொருத்தியிருப்பார்கள்; இடுக்கி போட்டுத் திருகினால் கண்ணாடி உடையும். கழுத்தில் கசிவு நிற்காவிட்டால் சின்னக் குப்பிக்கு அடித்து மாற்றிவிடுங்கள்.

தோல் சிவக்கிறது, அரிக்கிறது

இதற்கு மட்டும் வீட்டுச் சோதனை எதுவும் வேண்டாம். கழுவிவிட்டு நிறுத்துங்கள். ஆல்கஹால் தந்த எரிச்சல் என்றால் கொஞ்ச நேரத்தில் அடங்கும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ தடித்து அரித்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். லிமொனீனும் லினலூலும் புதிதாக இருக்கும்போது சாதுவானவை. காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தபின் ஒவ்வாமையைத் தூண்டும். பழைய பாட்டிலை அதிக விலைக்குத் தேடாதீர்கள் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். மழித்த தோலில் உடனே அடிக்காதீர்கள். வெயிலில் போகும் நாளில் கழுத்தில் அடிக்காதீர்கள். பெர்கமாட் என்ற ஆரஞ்சு வகைப் பழத்தின் சுத்திகரிக்காத எண்ணெய் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் பழுப்புத் திட்டு விழலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒவ்வாமை தரக்கூடிய வாசனைப் பொருள்களை அட்டையில் பெயர் சொல்லிப் போட வேண்டும். 2023-இல் அந்தப் பட்டியலை ஏறக்குறைய 80 பொருள்களாக நீட்டினார்கள். அரிப்பு மறுபடி வந்தால் அட்டையைத் தூக்கிப் போடாமல் தோல் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். முதுகில் பேட்ச் டெஸ்ட் ஒட்டிப் பார்த்து எந்தப் பொருள் என்று அவர் சொல்லிவிடுவார். அந்தப் பெயர் தெரிந்தால் அடுத்த பாட்டிலை வாங்கும் முன்பே அட்டையில் பார்த்து ஒதுக்கிவிடலாம். அதுவரை தோலில் மட்டுமல்ல, உடையின் வெளிப்பக்கத்தில்கூட அடிக்க வேண்டாம். துணி வழியாகவும் அது தோலைத் தொடும்.